நிரூபிக்க வேண்டியவர் யார்?



அயோத்திதாசப் பண்டிதரின் நினைவைப் போற்றும் இந்த உரைக்குக் கடவுளைப் பற்றிய ஒரு விவாதத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கடவுள் உண்டா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் நோக்கமல்ல. நம்மிடையே நாத்திகர் உண்டு, பௌத்தர் உண்டு, கிறித்தவர் உண்டு, இசுலாமியர் உண்டு, சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் பொங்கலிடுகிறவர்களும் உண்டு. இவர்கள் எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டிய ஒரு கேள்வி அந்தத் தீர்ப்புக்கு முன்னால் நிற்கிறது. உண்டு என்பவர், இல்லை என்பவர் இருவரில் நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது? பட்டிமன்றத்துக்கு உரிய கேள்வி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. செங்கோட்டையையும் தென்காசியையும் சுற்றியுள்ள நம் மக்களின் நூறாண்டு வரலாறு இந்தக் கேள்வியில் சிக்கிக் கிடக்கிறது.

விவாதத்தின் விதி

டீக்கடையிலும் கல்லூரி விடுதியிலும் இந்த விவாதம் நடக்கும்போது, கடைசியில் ஒரு கேள்வி வந்து விழும்: "கடவுள் இல்லைன்னு உன்னால நிரூபிக்க முடியுமா?" நம் இளைஞர்கள் பலர் இந்த இடத்தில் தடுமாறிவிடுகிறார்கள். தடுமாற வேண்டியதில்லை. ஒருவர் வந்து, "நீ எனக்குப் பத்தாயிரம் ரூபாய் தரவேண்டும்" என்கிறார். புரோநோட்டைக் காட்ட வேண்டியவர் அவர்தான். கடன் வாங்கவில்லை என்பதற்கு நாம் புரோநோட்டு காட்ட முடியாது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 101ஆம் பிரிவில் இதைத்தான் சொன்னது. ஒரு செய்தியை உண்மை என்று கூறி அதன்பேரில் தீர்ப்புக் கேட்பவர் அதை நிரூபிக்க வேண்டும். 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த விதி மாறவில்லை.

பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1952இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு ஓர் உவமை சொன்னார். பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே ஒரு பீங்கான் தேநீர்க் கெண்டி சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, தொலைநோக்கியாலும் காண முடியாத அளவுக்கு அது சிறியது என்று ஒருவர் சொன்னால், மறுக்க முடியவில்லை என்பதற்காக யாரும் அதை நம்பிவிட மாட்டார்கள். நமக்கு அவ்வளவு தொலைவு போக வேண்டாம். தெற்கே பொதிகை மலை இருக்கிறது. அகத்தியர் அங்கே இன்றும் வாழ்கிறார், சாதாரணக் கண்களுக்குத் தெரியமாட்டார் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவலோகிதரிடம் அகத்தியர் தமிழ் கேட்டார் என்று பதினோராம் நூற்றாண்டுப் பௌத்த நூலான வீரசோழியம் சொல்கிறது. சைவரும் பௌத்தரும் ஒரே முனிவரைப் பற்றி ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் நம்மால் பொய்யென்று காட்ட முடியாது. அதனால் இரண்டும் மெய்யாகிவிடுமா? கூறியவர்தாம் காட்ட வேண்டும்.

இந்த விதி நாத்திகரையும் கட்டும். "கடவுள் இல்லவே இல்லை" என்று அடித்துச் சொல்பவரும் ஒன்றைக் கூறுகிறார். அதற்கான காரணத்தை அவரும் தரவேண்டும். "நீங்கள் சொல்வதை ஏற்கப் போதிய காரணம் கிடைக்கவில்லை" என்று மட்டும் சொல்பவருக்கு அந்தச் சுமை இல்லை.

இது மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று யாரும் சொல்லிவிட முடியாது. மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் போய், அவரவர் கொள்கை என்ன, அதற்கு அளவை என்ன என்று கேட்கிறாள். எதைச் சான்றாகக் கொள்ளலாம், எது போலிச் சான்று என்பதற்கு ஒரு காதை முழுவதையும் அந்தக் காப்பியம் ஒதுக்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை இலௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' இதழில் கடவுள், படைப்பு, வேதம் பற்றியெல்லாம் தமிழில் சான்று கேட்டு வாதிட்டார்கள். சான்று கேட்பது தமிழுக்குப் பழைய பழக்கம்.

ஆனால் விவாத மண்டபத்தில் செல்லுபடியாகும் இந்த விதி, கோயில் வாசலுக்கு வந்ததும் தலைகீழாகிவிட்டது. அங்கே கூற்றை வைத்தவர்கள் சும்மா இருந்தார்கள். வெளியே நின்றவர்கள் நிரூபிக்க வேண்டியதாயிற்று.

பண்டிதர் திருப்பிக் கொடுத்தது

1892இல் சென்னை மகாஜன சபை கூடியபோது அயோத்திதாசர் நீலகிரியின் பிரதிநிதியாகப் போயிருந்தார். ஒடுக்கப்பட்ட மக்கள் சிவன் கோயிலுக்கும் விஷ்ணு கோயிலுக்கும் போக ஏன் தடை என்று கேட்டார். தஞ்சையிலிருந்து வந்திருந்த சிவராம சாஸ்திரி எழுந்து, உங்களுக்கு மதுரைவீரன், காட்டேரி, கருப்பண்ணன் என்று தெய்வங்கள் இருக்கின்றன. சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்லர் என்ற பொருள்படச் சொன்னார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்று பண்டிதர் பதில் சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்தையும் நிலத்தையும் கேட்டார். இதையெல்லாம் அவரே பிற்காலத்தில் 'தமிழன்' இதழில் எழுதியிருக்கிறார்.

அந்தப் பதிலை ரோசத்தில் வந்த பதில் என்று மட்டும் நாம் வாசித்துவந்திருக்கிறோம். அதில் ஒரு தருக்கமும் இருக்கிறது. எங்கள் மூதாதையரும் சிவனை வணங்கினார்கள் என்று சான்று தேடி அவர் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. சிவன் உலகுக்கெல்லாம் இறைவன் என்பது அவர்களுடைய கூற்று. அந்தச் சிவன் உனக்கு இல்லை என்பதும் அவர்களுடைய கூற்றுதான். இரண்டும் சேர்ந்து நிற்காது. எது மெய் என்று காட்ட வேண்டியவர்கள் அவர்கள். தன் தலையில் ஏற்றப் பார்த்த சுமையைப் பண்டிதர் உரியவர்களிடமே இறக்கி வைத்துவிட்டார். ஆறாண்டுகள் கழித்து, 1898இல் ஆல்காட்டுடன் இலங்கைக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார்.

தடுத்ததே சான்றானது

நீதிமன்றத்தில் இந்தச் சுமை எப்படி மாறியது என்பதற்குக் கமுதி வழக்கு எடுத்துக்காட்டு. 1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடர்ந்தார். மதுரையில் 1899இலும், சென்னை உயர்நீதிமன்றத்தில் 1901இலும், இலண்டன் பிரிவி கவுன்சிலில் 1908இலும் நாடார்கள் தோற்றார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்த 1899 சூனில்தான் சிவகாசிக் கலவரம் வந்தது.

நாடார்கள் பட்டியல் சாதியினர் அல்லர் என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தீர்ப்பின் அடிப்படை, வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட எல்லாரையும் பாதித்தது. வழக்காறு அவர்களுக்கு எதிராக இருக்கிறது, ஆகவே உரிமை இல்லை என்பது அதன் சாரம். நண்பர்களே, இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். உள்ளே விடாதது ஒரு தரப்பின் செயல். உள்ளே விடாததால் மறுதரப்பு உள்ளே போனதில்லை. உள்ளே போனதில்லை என்பதே உரிமை இல்லை என்பதற்குச் சான்றாக வந்து நின்றது. தடுத்தவர் தாம் தடுத்ததையே ஆவணமாகக் காட்டினார். இவர்கள் நுழைந்தால் சாமிக்குத் தீட்டு என்ற மூலக் கூற்றை நிரூபிக்கச் சொல்லி எந்த நீதிமன்றமும் யாரையும் கூண்டில் ஏற்றவில்லை.

எல்லைக்கோட்டில் மாறிய சாமி

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது; அன்றுதான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தென்காசியும் குற்றாலமும் அதற்கு முன்பே பிரிட்டிஷாரின் சென்னை மாகாணத்தில் இருந்தன. செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் இடையே பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. இருபுறமும் ஒரே மொழி, அதே சாதிகள், அதே சிவன், அதே ஆகமங்கள்.

1932இல் திருவிதாங்கூர் அரசு கோயில் நுழைவை ஆராய வி.எஸ். சுப்பிரமணிய ஐயர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1934இல் வந்த அதன் அறிக்கை, கோயில்களை உடனே திறந்துவிடலாம் என்று சொல்லவில்லை. ஆனால் 1936 நவம்பர் 12 அன்று மன்னர் சித்திரைத் திருநாள் பாலராம வர்மா, தமது அரசின் கட்டுப்பாட்டிலுள்ள கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடும் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். இரண்டே ஆண்டுகளில் நடந்தது என்ன? புதிய ஆகமம் எதுவும் கண்டெடுக்கப்படவில்லை. தெய்வம் யார் கனவிலும் வந்து மனம் மாறிவிட்டதாகச் சொன்னதாக அரசு அறிவிக்கவில்லை. நடந்தது வேறு. 1935 அக்டோபரில் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தார். ஈழவர்களிடையே மதம் மாறுவது பற்றிய பேச்சு வலுத்தது. வைக்கம் முதல் நடந்த போராட்டங்களின் அழுத்தமும் பின்னால் இருந்தது. எண்ணிக்கை குறைந்துவிடும் என்ற அச்சத்தில் வாசல் திறந்தது.

எல்லைக்கு இந்தப் பக்கம், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில், 1939இல்தான் கோயில் நுழைவுக்கான சட்டம் வந்தது. அதுவும் எப்படி வந்தது? வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என்று அறங்காவலர் கருதினால், அரசின் ஒப்புதலோடு திறந்துவிடலாம் என்று வந்தது. உள்ளே இருப்பவரின் சம்மதம் கிடைத்தால்தான் வெளியே இருப்பவருக்கு வழி. சம்மதம் கேட்காத சட்டம் 1947இல்தான் கிடைத்தது.

ஆகவே 1936 நவம்பருக்கும் 1939க்கும் இடையே, செங்கோட்டைப் பக்கத்து அரசுக் கோயிலில் சட்டப்படி தீட்டாகாத ஒருவர், எல்லையைத் தாண்டித் தென்காசிக்கு நடந்துபோனால் தீட்டாகிவிடுவார். சட்டம் மாறியதும் பழக்கம் மாறிவிடவில்லை என்பது வேறு கதை. நாம் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். தடை கடவுளின் விருப்பம் என்று காலங்காலமாகச் சொன்னவர்கள் அதை ஒருநாளும் நிரூபிக்கவில்லை. அந்த விருப்பம் ஒரு சுங்கச்சாவடி எல்லையில் மாறியபோது, அது யாருடைய விருப்பம் என்பது தானாகவே தெரிந்துவிட்டது.

வெளியேறியவர்களிடம் கேட்ட கணக்கு

உள்ளே வரக் கேட்டவர்களிடம் சான்று கேட்டார்கள் என்று பார்த்தோம். வெளியே போனவர்களை விட்டார்களா? 1981 பிப்ரவரி 19 அன்று, நமக்குப் பக்கத்திலுள்ள மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான ஒடுக்கப்பட்ட மக்கள் இசுலாத்தைத் தழுவினார்கள். ஏறத்தாழ 180 குடும்பங்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஊர் ரஹ்மத் நகர் என்று பெயர் பெற்றது. சில மாதங்களில் நாடே அந்தச் சிற்றூருக்கு வந்தது. அமைச்சர்கள் வந்தார்கள், அதிகாரிகள் வந்தார்கள், வாஜ்பாய் வந்தார், இந்து அமைப்புகள் வந்தன, பத்திரிகைகள் வந்தன. வளைகுடாப் பணம் வாங்கினீர்களா? யார் தூண்டினார்கள்? உண்மையிலேயே நம்பித்தான் மாறினீர்களா? கேள்விகள் எல்லாம் மாறியவர்களை நோக்கியே இருந்தன.

சாதிக் கொடுமையும் காவல்துறைத் தொல்லையும் தாங்காமல் போனோம் என்று அம்மக்கள் பலமுறை சொன்னார்கள். அது போதவில்லை. இதயத்தைத் திறந்து காட்டச் சொன்னார்கள். அதற்கு முந்தைய தலைமுறைகளில், இந்த மக்களை எந்தக் கடவுளின் கட்டளைப்படி தெருவுக்கு வெளியே வைத்தீர்கள், சான்று எங்கே என்று கேட்க எந்த அமைச்சரும் மீனாட்சிபுரத்துக்கு வந்ததில்லை. பிறந்த மதத்திலேயே இருப்பவர் தன் நம்பிக்கையை எந்த அதிகாரியிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. விட்டுப் போகிறவர் மட்டும்தான் நம்பிக்கைக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது.

அந்தக் கணக்கு பிறகு சட்டமாகவும் ஆனது. 2002இல் தமிழ்நாட்டில் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004இல் திரும்பப் பெறப்பட்டது. உத்தரப்பிரதேசத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் 12ஆம் பிரிவில், மாற்றம் வஞ்சகத்தாலோ வற்புறுத்தலாலோ நடக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை மதம் மாற்றியவர்மீதும் அதற்கு உதவியவர்மீதும் சுமத்துகிறது. குற்றம் சாட்டுபவர் காட்ட வேண்டியதைக் குற்றம் சாட்டப்பட்டவர் காட்ட வேண்டும்.

இன்னொரு பக்கம் சாதிச் சான்றிதழ். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் ஆகலாம். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவத்துக்கும் இசுலாத்துக்கும் போனவர் பட்டியலில் இல்லை. சேரியிலிருந்து மட்டும் அவர் வெளியேறுவதில்லை. திரும்பி வருகிறவர் என்ன செய்ய வேண்டும்? கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் மூன்றைச் சொன்னது. அந்தச் சாதியைச் சேர்ந்தவர் என்பதற்குத் தெளிவான சான்று வேண்டும். மூதாதையர் மதத்துக்குத் திரும்பியதற்குச் சான்று வேண்டும். அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டதற்கும் சான்று வேண்டும். 2024 நவம்பரில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், உண்மையான நம்பிக்கை இல்லாமல் இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்ல முடியாது என்று கூறி அதே நீதிமன்றம் சான்றிதழை மறுத்தது. கடவுள் இருப்பதற்குச் சான்று கேட்டால் புண்படுகிறது என்கிறார்கள். நம்மவர் கடவுளை நம்புவதற்கு மட்டும் வருவாய்த்துறை சான்று கேட்கிறது.

சட்டம் திருப்பி வைத்த இடம்

இந்தச் சுமை சட்டத்தில் ஓரிடத்தில் நமக்குச் சாதகமாகத் திருப்பப்பட்டிருக்கிறது. மாணவர்கள் அதை அறிந்திருக்க வேண்டும். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1976 முதல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று வழங்குகிறது. அதன் 12ஆம் பிரிவைப் பாருங்கள். அச்சட்டத்தின்கீழ் குற்றமாகும் செயல் ஒன்று பட்டியல் சாதியைச் சேர்ந்தவருக்கு எதிராக நடந்திருந்தால், அது தீண்டாமையின் காரணமாகவே நடந்தது என்று நீதிமன்றம் கொள்ள வேண்டும். அப்படி அல்ல என்றால் எதிர்த்தரப்பு நிரூபிக்கட்டும். தடுத்தவரின் மனத்துக்குள் புகுந்து சாதி எண்ணத்தை வெளியே எடுத்துக் காட்ட நம்மால் முடியாது என்பதைப் புரிந்துகொண்டு எழுதிய பிரிவு அது. கமுதி வழக்கின் தருக்கம் அதில் தலைகீழாகிறது.

ஏட்டில் இருக்கும் இந்தப் பிரிவு ஊருக்குள் வருவதில்லை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன நம் மக்கள் தாக்கப்பட்டார்கள். சூன் 7 அன்று அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். தடுத்தவரும் தடுக்கப்பட்டவரும் அமைதிப் பேச்சு மேசையில் சமதரப்பாக உட்கார வைக்கப்பட்டார்கள். நிரூபிக்க வேண்டியவர் யார் என்ற கேள்வியைக் கேட்காமல் விட்டதால்தான் பூட்டு ஒரு தீர்வாகத் தெரிந்தது.

நம்முடைய கூற்றுகள்

இவ்வளவும் பிறரிடம் கேட்கிற நாம், நம்மிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். அதைக் கேட்கச் செங்கோட்டையைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1911 சூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் ஊர் இது. நம் மேடைகளில் ஒரு கதை பல ஆண்டுகளாகச் சொல்லப்படுகிறது. பேறுகால வலியில் துடித்த நம் பெண் ஒருத்தியை ஆஷ் அக்கிரகாரத் தெரு வழியே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார், குற்றால அருவியில் எல்லாரும் குளிக்கலாம் என்று ஆணையிட்டார், அதற்காகத்தான் கொல்லப்பட்டார் என்கிறது அந்தக் கதை. கேட்கும்போது நமக்கும் நெஞ்சு நிறைகிறது. ஆனால் சொல்பவர்கள் இதற்கு ஒரு ஆவணத்தையும் காட்டவில்லை. கூற்றை வைத்தவர்கள் நாம் என்பதால் பொறுப்பும் நம்முடையது. காட்டும்வரை அதை வரலாறு என்று மேடையில் சொல்வதை நிறுத்துவோம் என்று தோழமையோடு கேட்டுக்கொள்கிறோம்.

நிறுத்தினால் நமக்கு நட்டமில்லை. வாஞ்சியின் சட்டைப்பையில் கிடைத்த கடிதம் இருக்கிறது. சனாதன தருமத்தைக் காப்பதும் மிலேச்சரை விரட்டுவதும் அதன் மொழி. அது ஆவணம். அதைக் கொண்டே அந்தத் தேசபக்தியில் நமக்கு எவ்வளவு இடமிருந்தது என்று கேட்கலாம். ஆஷை விடுதலையாளராக்க வேண்டிய அவசியம் இல்லை. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியையும் தொழிலாளர் போராட்டத்தையும் ஒடுக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. நாம் சொல்லும் ஒரு சான்றில்லாத கதையைப் பிடித்துக்கொண்டு, நாம் சொல்லும் நூறு உண்மைகளையும் கதை என்று தள்ளிவிடக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

பண்டிதரையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும். நாம் ஆதியில் பௌத்தர்கள் என்று அவர் கூறினார். கூறிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. இலக்கியத்திலும் நிகண்டிலும் பண்டிகையிலும் ஊர்வழக்கிலும் சான்று தேடி வாரந்தோறும் எழுதினார். அவர் காட்டிய எல்லாமே இன்றைய ஆய்வில் நிற்கும் என்று நாம் சொல்லமாட்டோம். கூற்றுக்குச் சான்று தரும் கடமை தனக்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டாரே, அது நமக்கு வழி.

முடிவாக

கடவுளை நம்புகிறவர் தன் வீட்டில், தன் மனத்தில் நம்பட்டும். அதற்குச் சான்று கேட்கும் வேலை நமக்கு இல்லை. ஆனால் அந்த நம்பிக்கையின் பேரால் இன்னொருவரை வாசலில் நிறுத்தினால், தெருவை மறித்தால், தேர் வடத்தைத் தொடவிடாமல் செய்தால், அந்த நொடியில் அவர் ஒரு கூற்றை வைத்துவிட்டார். நிரூபிக்கும் பொறுப்பு அவருக்கு வந்துவிட்டது.

நாளை உங்கள் ஊரில் ஒரு கோயில் பிரச்சினை வரும். தாசில்தார் அலுவலகத்தில் அமைதிப் பேச்சு நடக்கும். "இதற்கு முன் நீங்கள் உள்ளே போய்க் கும்பிட்டதற்கு ஆதாரம் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். பழைய புகைப்படத்தையும் ரசீதையும் தேடி வீட்டுக்கு ஓடாதீர்கள். 1892இல் பண்டிதர் செய்ததை நினைத்துக்கொள்ளுங்கள். 12ஆம் பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். "நாங்கள் வரக்கூடாது என்று சாமி சொன்னதற்கு உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?" என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

ஜெய்பீம்.